இறைச்சி மாடு உருவான விதம்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இங்கிலாந்தில் மாடு முதன்மையாக உழவுக்கும் பாலுக்குமே வளர்க்கப்பட்டது. உழைத்து ஓய்ந்த எருதுதான் கடைசியில் கொழுக்க வைக்கப்பட்டுக் கசாப்புக்குச் சென்றது. நகரங்கள் பெருகி இறைச்சித் தேவை உயர்ந்தபோது, லெஸ்டர்ஷைரின் டிஷ்லிப் பண்ணையை நடத்திய ராபர்ட் பேக்வெல் (1725–1795), குறைந்த தீனியில் விரைந்து சதைபிடிக்கும் கால்நடைகளை நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே இணைசேர்த்து உருவாக்க முற்பட்டார். அறுத்த விலங்குகளின் எலும்புக்கூடுகளையும் உப்புநீரில் ஊறிய துண்டங்களையும் அவர் பாதுகாத்து வைத்து ஒப்பிட்டார் என்பது, கணக்கேடுகூட இல்லாத பண்ணைகள் மலிந்த காலத்தில் அரிய செயலே.

டார்லிங்டனுக்கு அருகில் ஷார்ட்ஹார்ன் மாடுகளை வளர்த்த கோலிங் சகோதரர்கள் அதே வழியைப் பின்பற்றினர். அவர்களிடம் 1796இல் பிறந்து, ஆயிரம் கிலோவையும் தாண்டி வளர்ந்த டர்ஹாம் எருது, 1801 முதல் தனி வண்டியில் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டுக் கட்டணத்துக்குக் காட்டப்பட்டது. தாய்க்கும் தனக்கும் ஒரே காளையைத் தந்தையாகக் கொண்ட காமெட் என்ற காளை 1810இல் ஆயிரம் கினிக்கு விலைபோனது. மெழுகுவர்த்திக்கும் உழைப்பாளியின் உணவுக்கும் விலங்குக் கொழுப்பு வேண்டியிருந்த அக்காலத்தில், பருத்த உடலே சிறந்த உடல் எனக் கருதப்பட்டது.

அந்தப் பருமன் எதனால் ஆனது என்பதை முதலில் அளந்தவர்கள் ராத்தம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தின் லாஸும் கில்பர்ட்டும் ஆவர். முழு உடல்களையும் பகுத்தாய்ந்து 1859இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, கொழுத்த எருதின் உடலில் கொழுப்பு, புரதத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவை எடையில் கூடினாலும் மொத்த உடலில் அவற்றின் பங்கு குறைந்துகொண்டே வந்தது. ஓர் உறுப்பு முழு உடலின் வேகத்திலிருந்து மாறுபட்டு வளர்வதைப் பிற்காலத்தார் ஒப்புநிலை வளர்ச்சி என்றனர். கேம்பிரிட்ஜின் ஜான் ஹேமண்ட் இதனை ஓர் ஒழுங்காக விளக்கினார்: முதலில் நரம்பு மண்டலம், பின்னர் எலும்பு, அதன்பின் தசை, இறுதியில் கொழுப்பு எனத் திசுக்கள் உச்ச வளர்ச்சியை அடைகின்றன, விரைவில் முதிரும் இனங்களில் இவ்வரிசை மாறுவதில்லை, காலம் மட்டுமே சுருங்குகிறது.

இந்த விளக்கம் பண்ணையாளர்களின் பெருமிதத்தைச் சற்றே அசைக்கக்கூடியது. பின்தொடையின் விலையுயர்ந்த துண்டங்களைப் பெருக்கிவிட்டதாக அவர்கள் நம்பியிருக்க, ஆய்வாளர் ரெக்ஸ் பட்டர்ஃபீல்டு தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்தபோது, மொத்தத் தசையில் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய பங்கு இனத்துக்கு இனம் பெரிதாக வேறுபடவில்லை. தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதில் பெரும்பகுதி கொழுப்பு சேரும் வேளையே என்று கொள்ளலாம். கண்காட்சி நடுவர்களின் கண்ணோ வடிவத்தையே நாடியது: அமெரிக்காவில் குட்டையான, திரண்ட ஹியர்ஃபோர்டு மாடுகளுக்குப் பரிசுகள் குவிந்ததன் விளைவாக, மறைந்திருந்த குள்ள மரபணு பரவி, 1950களில் மூச்சுத் திணறும் குள்ளக் கன்றுகள் பல மந்தைகளில் பிறந்தன.

தசையே உண்மையில் பெருகிய விதிவிலக்கு பெல்ஜியன் ப்ளூ இனம். தசை வளர்ச்சிக்குத் தடைபோடும் மயோஸ்டேட்டின் புரதத்தின் மரபணு இதில் பழுதுபட்டிருப்பது 1997இல் கண்டறியப்பட்டது. ஆயினும் தசைக்கு ஈடாக உள்ளுறுப்புகள் வளர்வதில்லை. உடல் எடையோடு ஒப்பிட அவை சிறுத்தே இருப்பதால், இம்மாடு வெப்பத்தையும் நீண்ட நடையையும் தாங்குவதில் பின்தங்குகிறது, இடுப்பெலும்பின் வழி குறுகிக் கன்று பருத்துவிடுவதால் பெரும்பாலான ஈற்றுகள் அறுவைச் சிகிச்சையாலேயே நிகழ்கின்றன.