ஸ்டாகர் லீ

ஸ்டாகர் லீ என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த கதைப்பாடல். ஸ்டாக் ஓ லீ, ஸ்டாகோலி, ஸ்டாக்கலீ என்ற பெயர்களாலும் வழங்கும். பில்லி என்பவனை ஸ்டாகர் லீ ஒரு தொப்பியின் பொருட்டுச் சுட்டுக் கொல்கிறான், கதை அவ்வளவே. 12 தாளச் சுற்றுகளில் மூன்று அடிகளைப் பாடும் வழக்கமான புளூஸ் அமைப்பு இதற்கு இல்லை. ஈரடியாகக் கதையை நகர்த்தி, ஒரு முத்தாய்ப்பு வரியில் வந்து நிற்கும் பழைய கதைப்பாடல் யாப்பே இதனுடையது. இருந்தாலும் இதைப் போற்றிக் காத்து ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் புளூஸ் பாடகர்கள் என்பதால் அந்த மரபின் பாடலாகவே இது எண்ணப்படுகிறது. இதன் வடிவங்கள் எண்ணற்றவை. நடந்த இடம், சண்டைக்குக் காரணம், கொலையாளியின் முடிவு என எல்லாமே அவற்றில் மாறுகின்றன; தொப்பி மட்டும் மாறாமல் நெடுங்காலம் நிலைத்தது. பாடலின் பிறப்பை உறுதிசெய்யும் சான்று அந்தத் தொப்பியே. கதையில் அதன் இடம் தளரத் தளரத்தான் ஸ்டாகர் லீ கொலையாளி என்ற நிலையிலிருந்து நாயகனாக உயர்ந்தான் என்பதும் வடிவங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் தெரியும்.

1895 டிசம்பர் 25 அன்று இரவு, மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில், பதினோராம் தெருவும் மார்கன் தெருவும் கூடும் இடத்தில் இருந்த பில் கர்ட்டிஸின் மதுக்கடையில் இருவர் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் வில்லியம் லயன்ஸ், பாடலில் பில்லியாக வருபவர், படகுத்துறையில் சுமை தூக்கும் தொழிலாளி. மற்றவர் லீ ஷெல்டன், குதிரைவண்டி ஓட்டுபவர். ‘ஸ்டாக்’ லீ என்பது அவருடைய பட்டப்பெயர். நகரத்தின் குளோப் டெமாக்ரட் நாளிதழ் இருவரையும் நண்பர்கள் என்றே எழுதியது. பேச்சு அரசியல் பக்கம் திரும்பி வாக்குவாதமாக முற்றியது. லயன்ஸ் ஷெல்டனின் தொப்பியைப் பறித்தார். திருப்பிக் கேட்டும் கொடுக்கவில்லை. ஷெல்டன் துப்பாக்கியை எடுத்து அவர் வயிற்றில் சுட்டார். பிறகு, விழுந்து கிடந்தவரின் கையிலிருந்து தன் தொப்பியை எடுத்துக்கொண்டு பதற்றமின்றி வெளியே நடந்தார். லயன்ஸ் மறுநாள் விடியுமுன் இறந்தார். இச்செய்தியைச் சில வரிகளில் முடித்த அந்த நாளிதழே தொப்பி பறிக்கப்பட்டது, மறுக்கப்பட்டது, மீட்கப்பட்டது என்ற மூன்று நிகழ்வுகளையும் விடாமல் குறித்திருக்கிறது. பிற்காலப் பாடகர்கள் கையில் கிடைத்த மூலப்பொருள் இதுதான்.

வழக்கின் போக்கு பாடலைவிடச் சிக்கலானது. 1896இல் நடந்த முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மறு விசாரணையில் குற்றம் உறுதியாகி, 25 ஆண்டுச் சிறைத்தண்டனையுடன் ஷெல்டன் 1897இல் ஜெஃபர்சன் சிட்டி சிறைக்கு அனுப்பப்பட்டார். 1909இல் பரோலில் வெளிவந்தவர் 1911இல் வேறொரு குற்றத்திற்காகத் திரும்பவும் அடைக்கப்பட்டு, 1912 மார்ச்சில் காசநோயால் சிறை மருத்துவமனையில் இறந்தார். அரசியல் வாக்குவாதம் என்று நாளிதழ் சொன்னதற்கும் பின்னணி உண்டு. லயன்ஸின் நெருங்கிய உறவினரான ஹென்றி பிரிட்ஜ்வாட்டர் செல்வாக்குள்ள கறுப்பின மதுக்கடை முதலாளி, குடியரசுக் கட்சிக்காரர். ஷெல்டனோ ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்த ஒரு சங்கத்தைச் சேர்ந்தவர். கறுப்பின வாக்குகள் குடியரசுக் கட்சியிடமிருந்து பிரியத் தொடங்கிய காலம் அது. ஆனால் இந்த அரசியலின் சாயல்கூட எந்தப் பாடல் வடிவத்திலும் இல்லை. நிகழ்ச்சியிலிருந்து பாடல் பிறந்தது என்றால் அதன் முதன்மைக் காரணத்தை எப்படி மறந்தது என்று கேட்கலாம். மறந்தது என்பது சரியல்ல, தேவையில்லாததால் உதிர்த்தது. செயின்ட் லூயிஸின் வட்டாரக் கட்சிப் பூசல், மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் கரை போடும் முகாமிலோ ஜார்ஜியாவின் தேவதாரு எண்ணெய்க் காட்டிலோ வேலை செய்தவனுக்கு ஒன்றும் சொல்லாது. பாடல்கள் பெயர் சொல்லும் ஸ்டெட்சன் தொப்பியோ எல்லோருக்கும் தெரியும். 1865இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் பி. ஸ்டெட்சன் தொடங்கிய நிறுவனத்தின் தொப்பி, உழைத்துச் சேர்த்த காசில் ஒருவன் தனக்கென வாங்கும் மதிப்பின் அடையாளம். பலர் பார்க்க அதைத் தலையிலிருந்து பிடுங்குவது எத்தகைய அவமதிப்பு என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தோற்றத்தை ஏற்காதவர்களும் இருந்தனர். மெம்பிஸ் நகரின் லீ குடும்பத்தார் மிசிசிப்பியில் நீராவிப் படகுகளை ஓட்டியவர்கள். அக்குடும்பத்தில் ஸ்டாக்கர் லீ என்ற பெயர் இருந்தது, அவர்களுடைய படகு ஒன்றும் அப்பெயரைத் தாங்கியது. பாடல் அங்கிருந்தே வந்தது என்ற கருத்து நெடுநாள் செல்வாக்குடன் இருந்தது. மெம்பிஸைப் பற்றி 1948இல் நூல் எழுதிய ஷீல்ட்ஸ் மெக்கில்வெய்ன் அதை எடுத்துரைத்தார். இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பியுள்ளன. படகின் பெயரிலிருந்தோ படகு முதலாளியின் பெயரிலிருந்தோ ஷெல்டனுக்குப் பட்டப்பெயர் வந்திருக்கலாம். ஆற்றோர ஊர்களில் அது இயல்பு. ஆனால் பெயரின் மூலம் வேறு, கதையின் மூலம் வேறு. லயன்ஸ் என்ற பெயரும் மதுக்கடையும் தொப்பியும் துப்பாக்கியும் ஒருசேர அமைந்த நிகழ்ச்சி மெம்பிஸில் யாராலும் காட்டப்படவில்லை. செயின்ட் லூயிஸில் அது நாளிதழிலும் நீதிமன்ற ஆவணத்திலும் இருக்கிறது. பாடல் 1895க்கும் முந்தையது என்ற வாதத்துக்கும் ஆதாரமில்லை. மிசிசிப்பிப் பாடகர் சார்லஸ் ஹாஃபர் 1895இலேயே இதைப் பாடியதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பல பத்தாண்டுகள் கழித்துச் சொல்லும் ஆண்டுக் கணக்கில் ஓரிரு ஆண்டு பிசகுவது எங்கும் காண்பதே. 1897 ஆகஸ்டில் கான்சஸ் பகுதிக் கறுப்பின இதழ் ஒன்று, பியானோ வாசிப்பவர் ஒருவர் ‘ஸ்டாக்கலீ’யை வாசிக்கப்போவதாக அறிவித்தது. அச்சில் கிடைக்கும் முதல் குறிப்பு இது. கொலைக்கும் இக்குறிப்புக்கும் இடையே இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக இல்லை.

செயின்ட் லூயிஸின் கறுப்பினக் குடியிருப்பு அக்காலத்தில் எப்படிப்பட்ட பாடல் விளைநிலமாக இருந்தது என்பதைக் கவனித்தால் இந்த வேகம் வியப்பளிக்காது. 1890இல் சார்லஸ் ஸ்டார்க்ஸின் மதுக்கடையில் பிரேடி என்ற காவலர் சுடப்பட்டார். ஹாரி டங்கன் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1894இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அதிலிருந்து ‘டங்கனும் பிரேடியும்’ பாடல் பிறந்தது. 1899 அக்டோபரில் டார்ஜி தெருவில் ஃபிராங்கி பேக்கர் தன் காதலனைச் சுட்டதிலிருந்து ‘ஃபிராங்கியும் ஜானியும்’ எழுந்தது. ஒரே நகரம், ஒரே சமூகம், பத்தே ஆண்டுகளில் மூன்று கதைப்பாடல்கள். மூன்றுமே நாளிதழ்ச் செய்தியாகத் தொடங்கியவை. மதுக்கடைப் பியானோ முன்னால் மறுபிறப்பு எடுத்தவை. ஸ்டாகர் லீ தூக்கில் தொங்குவதாகப் பல வடிவங்கள் முடிவதற்கும் விடையை இங்கேயே தேடலாம். ஷெல்டன் தூக்கிலிடப்படவில்லை. கொலைகாரனுக்குத் தூக்குமேடை என்பது கதைப்பாடல் கேட்பவர்கள் எதிர்பார்க்கும் முடிவு. அந்த வட்டாரத்தாருக்கு டங்கனின் மரணம் நேற்று நடந்த நிகழ்ச்சி. நோயில் நலிந்து சிறையில் சாவது பாடலுக்கு உதவாது என்று பாடகர்கள் தீர்மானித்ததாகக் கொள்வதே பொருத்தம்.

அச்சில் முழுமையாகக் கிடைக்கும் பழைய பாடங்கள் ஹோவர்ட் ஓடம் 1911இல் அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் இதழில் வெளியிட்டவை. அதற்கு முந்தைய ஆண்டிலேயே டெக்சாஸிலிருந்து ஒரு பெண் சில பத்திகளை நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்சுக்கு எழுதி அனுப்பியிருந்தார். ஓடத்தின் பாடங்களுள் ஒன்று மிகுந்த கவனத்துக்குரியது. அதில் இறப்பவனுக்குப் பில்லி என்ற பெயரே இல்லை. ஊரை மிரட்டும் ஒரு முரடன் என்று மட்டுமே வருகிறான். அந்நாளில் எங்கும் பரவியிருந்த முரடன் பாட்டு ஒன்றின் தாக்கம் அது. சண்டை எதற்காக என்ற கேள்விக்கு மட்டும் விடை தெளிவாக நிற்கிறது: ஸ்டெட்சன் தொப்பி. பதினைந்து ஆண்டுகளில் பலநூறு மைல் கடந்து, கொலையுண்டவரின் பெயரை இழந்த பிறகும் தொப்பியை இழக்காத பாடல், அந்தத் தொப்பியைக் கண்ணால் கண்டவர்களின் பேச்சிலிருந்து புறப்பட்டது என்று முடிவு செய்வதில் தவறில்லை.

இசைத்தட்டுக் காலம் 1923இல் வேரிங் பென்சில்வேனியன்ஸ் என்ற வெள்ளையர் நடனக் குழுவோடு தொடங்கியது. அது பாட்டில்லாத வெறும் இசை. கதை அதில் இல்லை. 1925இல் மா ரெய்னி பாடிய வடிவம் ஃபிராங்கியின் மெட்டையே எடுத்துக்கொண்டது. 1927இல் மெம்பிஸின் ஃபரி லூயிசும், மேற்கு வர்ஜீனியாவின் வெள்ளையரான சுரங்கத் தொழிலாளி ஃபிராங்க் ஹட்சிசனும் தனித்தனியே பாடிப் பதிந்தனர். கறுப்பின நகர்ப்புறத்துப் பாடல் முப்பது ஆண்டுகளில் மலைநாட்டு வெள்ளையரின் கிட்டாரிலும் ஆர்மோனிக்காவிலும் குடிபுகுந்துவிட்டது. ஹட்சிசனின் வடிவத்தில் சிறையில் இருக்கும் கொலையாளியின் படுக்கையைச் சுற்றி இறந்தவனின் ஆவி ஊர்கிறது. எல்லாவற்றிலும் சிறந்தது மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928 டிசம்பரில் நியூயார்க்கில் ஓகே நிறுவனத்துக்காகப் பாடியது. கட்டைவிரல் தாளம் பிசகாமல் நடக்க, மற்ற விரல்கள் மெட்டை அவிழ்க்க, குரல் எங்கும் உயராமல் ஒரு கொலையைச் சொல்லி முடிக்கிறார் ஹர்ட். இவ்வளவு கொடியவனை ஏன் பிடிக்கவில்லை என்று காவலரைக் கேட்பதில் தொடங்குகிறது பாட்டு. மனைவி மக்களை எண்ணி உயிர்ப்பிச்சை தரும்படி பில்லி கெஞ்சுகிறான், தொப்பியைத் திருடியதற்குச் சாவுதான் என்ற பதில் வருகிறது, இறுதியில் தூக்குமேடை. எந்த வடிவமும் இதன் கட்டுக்கோப்பை எட்டவில்லை.

ஸ்டாகர் லீயை அடக்குமுறைக்கு அஞ்சாத கறுப்பினக் கலகக்காரனாகக் காணும் வாசிப்பு இன்று பெரும்பாலோரால் ஏற்கப்படுகிறது. கிரீல் மார்கஸ் 1975இலும் சிசில் பிரவுன் 2003இலும் வெளியிட்ட நூல்கள் அதற்கு வலுவூட்டின. பிளாக் பாந்தர் கட்சியின் பாபி சீல் தன் மகனுக்கு இப்பெயரைச் சேர்த்து வைத்தார். பிற்காலப் பாடலுக்கு இது பொருந்தும். தொடக்கப் பாடலுக்குப் பொருந்தாது. ஹர்ட், ஹட்சிசன் இருவரிடமும் கேட்பவர் இரக்கம் கெஞ்சுகிறவன் பக்கமே சாய்கிறது. கொலையாளிக்கு அச்சமூட்டும் ஆற்றல் உண்டு, பெருமை இல்லை. இசைத்தட்டு நிறுவனங்கள் வெள்ளையருடையவை, அவர்கள் அனுமதித்த அளவில்தான் பாட முடிந்தது, உண்மையான நாயகன் பதிவுக்கு வெளியே வாழ்ந்தான் என்பது இதற்கு எதிரான வாதம். அதைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் நிறுவனங்களின் கை படாத 1911ஆம் ஆண்டுப் பாடத்திலும் அவன் ஊரார் கண்டு ஒதுங்கும் தீயவனாகவே இருக்கிறான். செத்தவனும் சுட்டவனும் ஒரே சமூகத்தவர் என்பதை முதல் தலைமுறைப் பாடகர்கள் மறக்கவில்லை.

மாற்றம் சிறைகளிலும் தெருமுனைகளிலும் நேர்ந்தது. இசை இல்லாமல் எதுகையோடு கதை சொல்லும் வழக்கம் அங்கே இருந்தது. புரூஸ் ஜாக்சன் 1960களில் டெக்சாஸ் சிறைகளில் அத்தகைய கதைகளைத் திரட்டி 1974இல் நூலாக்கினார். இவ்வடிவங்களில் ஸ்டாகர் லீ மதுக்கடைக்குள் நுழைந்து, தன்னை யாரென்று அறியாத பரிமாறுபவனையே முதலில் சுடுகிறான். பில்லி அடுத்து வருகிறான். தொப்பி பறிபோகவில்லை. சிலவற்றில் அது அவன் தலையில் இருக்கும் பழைய உடைமை மட்டுமே. வேறு சிலவற்றில் அவன் நரகத்துக்குப் போய்ச் சாத்தானையே அடக்கி அரசாள்கிறான். காரணம் இருந்தவரை அவன் அவமதிக்கப்பட்டு அறிவிழந்த மனிதன். காரணம் போனதும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத பேருருவாகிறான். எதற்கும் பதில் சொல்லியே வாழ வேண்டியிருந்த கைதிகளுக்கு அந்த உருவம் தேவைப்பட்டது.

வணிக இசையில் தொப்பி வேறு வழியில் தேய்ந்தது. நியூ ஆர்லியன்ஸின் ஆர்ச்சிபால்ட் 1950இல் பியானோவுடன் பாடிய வடிவத்தைத் தொடர்ந்து, லாயிட் பிரைஸ் 1958இல் பதிந்த ‘ஸ்டாகர் லீ’ 1959 பிப்ரவரியில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. இதில் தொப்பி பறிக்கப்படவில்லை, பகடையாட்டத்தில் பணத்தோடு சேர்த்துத் தோற்கப்படுகிறது. துள்ளும் ஊதுகருவிகளும் உற்சாகக் குரல்களும் சேர்ந்து கொலையைக் கொண்டாட்டமாக்கிவிட்டன. தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய டிக் கிளார்க் இதையும் ஒப்பவில்லை. அவருடைய நிகழ்ச்சிக்காகச் சூதும் சாவும் நீக்கி, இருவரும் சமாதானமாகிப் பிரியும் வடிவம் ஒன்றைப் பிரைஸ் பதிந்து கொடுத்தார். ஊரார் பொதுச்சொத்தாக அறுபது ஆண்டு உலவிய பாடலுக்கு ஆசிரியர்களாகப் பிரைசும் அவருடைய கூட்டாளி ஹரால்ட் லோகனும் பதிவாயினர்; பாடலை முதலில் பாடிய செயின்ட் லூயிஸ்காரர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. பிற்காலத்தில் பாப் டிலன் 1993இல் ஹட்சிசனின் வடிவத்தையும், நிக் கேவ் 1996இல் தெருமுனைக் கதை வடிவம் ஒன்றையும் பாடிப் பதிந்தனர்.