காலதர் முதல் கான்கிரீட் வரை: செம்பட்டிச் சமவெளியில் வெயிலும் வீடும்

பலகணிக்குப் பழந்தமிழர் இட்ட பெயர்களுள் ஒன்று ‘காலதர்’. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. வெளியே நோக்குவதற்கு என்பதைவிடக் காற்று புகுவதற்கே சுவரில் வழி விட்டனர் என்பதை அச்சொல்லே உணர்த்தும். நக்கீரரின் நெடுநல்வாடை, மூதூரின் உயர்மாடங்களில் வேனிற்காலத்திற்கெனத் தனிப் பள்ளியறை இருந்தமையைக் கூறுகிறது. தென்றல் புகும் சாளரங்கள் குளிர்காலத்தில் அடைபட்டமையும், விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்பட்டுச் சிலந்தி நூல் படிந்தமையும் அதில் இடம்பெறுகின்றன. குளிரைப் பாடிய நூலே கோடையை எதிர்கொண்ட முறைக்கும் சான்றாகிறது. ஆயின் அவை செல்வர் மாடங்கள். எளியோர் வெயிலை எங்ஙனம் தாங்கினர் என்பதை அறிய, அரண்மனையை விட்டு ஊர்த்தெருவுக்கு வருதல் வேண்டும்.

திண்டுக்கல்–வத்தலக்குண்டு சாலையும் பழனிச் சாலையும் சந்திக்கும் ஊர் செம்பட்டி. மேற்கே பழனிமலைத் தொடர், கிழக்கே சிறுமலை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பாலேயே தன் நீரைப் பெரிதும் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாகவே இச்சமவெளியை அடைகிறது. இத்தகைய நிலத்தில் மூவகை வீடுகள் நிலைபெற்றன. ஏழையர்க்கு மண்சுவரும் ஓலைக் கூரையும். நடுத்தரக் குடியினர்க்கு நாட்டோடு வேய்ந்த தாழ்வார வீடு. வசதியுடையோர்க்கு முற்றம் அமைந்த மச்சு வீடு. நாட்டோட்டை அடுக்கடுக்காக வேய்ந்தமையால் இடையே காற்று நின்று வெப்பத்தைத் தடுத்தது. மரவுத்திரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் கலந்த சுண்ணாம்புக் காரையிட்டு, தட்டோடு பதித்து முடிப்பது மச்சு. பகலின் வெம்மை கனத்த சுவரைக் கடந்து உள்ளே வருமுன் பொழுது சாய்ந்துவிடும். முற்றம் இரவுக் காற்றை உள்ளே இறக்கும். திண்ணை, வீட்டார்க்கு மட்டுமன்றி வழிப்போக்கர்க்கும் நிழலாயிற்று.

வெயிலைத் தாங்குவது ஒரு வழி. வெயிலை விட்டு விலகுவது மற்றொரு வழி. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார் இரண்டாவதைத் தேர்ந்தனர். முதலில் சிறுமலையில் தங்க முயன்றனர், காய்ச்சல் வாட்டியது. பின்னர் 1845இல் கொடைக்கானலில் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்னும் இரண்டு வீடுகள் எழுந்தன. ஒரு கோடை நகரத்தின் வரலாறு அங்ஙனம் தொடங்கியது. மோட்டார்ச் சாலை அமையுமுன் மேலே சென்றோரைச் சுமந்தவர் சமவெளி மக்களே. சுமந்தவர் மீண்டும் கீழிறங்கித் தத்தம் கூரைக்கே வந்தனர். வெயிலிலிருந்து விடுதலை என்பது காலந்தோறும் பொருளுடையார்க்கு எளிதாகவும் பிறர்க்கு அரிதாகவும் இருந்து வந்துள்ளது என்பதற்கு இம்மலைப்பாதையே சான்று.

கூரைகள் மாறிய கதையும் கருதத்தக்கது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியே சீமை ஓடு பரவிற்று. அதன்பின் சிமெண்டு வந்தது. ஓலைக் கூரையை இன்று ஏக்கத்தோடு போற்றுவோர் உளர். அது தீக்கு இரையாவது. ஆண்டுதோறும் வேய வேண்டுவது. மண் தரையை மெழுகும் உழைப்பு முழுதும் பெண்கள் தோளில் விழுந்தது. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டபின், ஓலைக் கூரையின் குளிர்ச்சியை மட்டும் பேசுதல் இயலாததாயிற்று. 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க முனைந்தது. தீயும் மழையும் அஞ்சிய மக்களுக்கு அது உண்மையான பேறு.

எனினும் அவ்வீட்டில் வெயில் கணக்கில் கொள்ளப்படவில்லை. மெல்லிய கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவில் அறைக்குள் உமிழ்கிறது. முற்றமில்லை, எதிரெதிர்ச் சாளரமில்லை. உடல் இளைப்பாற வேண்டிய இரவே வெம்மையாகிவிடின், முதியோரும் கைக்குழந்தைகளும் முதலில் தளர்கின்றனர். அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு வெப்பம் இருமடங்கு. அகமதாபாத்தில் 2010 மே மாதத்து வெப்ப அலையில், வழக்கத்தினும் 1,344 பேர் மிகுதியாக இறந்தனர் என ஆய்வாளர் கணித்தனர். அதன் விளைவாக 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

அறிவிப்பு இழப்பீட்டிற்கு வழி செய்யும். இரவில் உறக்கம் தருவது கூரையே. குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை, தெருவுக்குத் தள்ளுகிறது. தளத்தின்மேல் வெண்சுண்ணாம்பு பூசுதல், தட்டோடு பதித்தல், மேற்குச் சுவருக்கு நிழல் தருதல், எதிரெதிர்ச் சாளரம் வைத்தல் ஆகியவை பெருஞ்செலவின்றி இயல்வன. தீக்கு அஞ்சாத கூரையும் வெயிலுக்கு அஞ்சாத கூரையும் ஒன்றாக அமைதல் கூடாததன்று. முற்றம், தாழ்வாரம், திண்ணை ஆகிய சொற்கள் கவிதையில் நினைவுப் பொருள்களாக மட்டும் எஞ்சிவிடலாகாது. காலதர் என்னும் சொல்லைக் காப்பது அகராதியின் கடன். அச்சொல் குறித்த காற்றை எளியோர் வீட்டிற்கும் கொணர்வது வாழ்வோர் கடன்.