'ஜுக்ராபியா' பற்றி நான் பிழையாகச் சொல்லிக்கொடுத்தது



சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருவர் அழைத்தார். இப்போது அவரும் ஆசிரியை. "சேர், ஜோக்ரபி எண்ட இங்கிலிஷ் சொல்லு அரபு ஜுக்ராபியாவில இருந்து வந்ததெண்டு நீங்க சொல்லித் தந்தீங்க. நானும் வகுப்பில சொன்னன். ஒரு பிள்ளை டிக்‌ஷனரியக் கொண்டுவந்து காட்டுது, அதுல கிரேக்கம் எண்டு கிடக்கு" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பல வருடங்களுக்கு முன் அரபு தினக் கண்காட்சிக்கு பிரிஸ்டல் போர்ட்டில் பெரிய எழுத்தில் அதை எழுதித் தொங்கவிட்டவன் நான்தான். எங்கேயோ காதில் விழுந்தது, சரிபார்க்கவில்லை. என்னிடம் படித்த பலர் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் திருத்தத்தையும் இங்கேயே எழுதுகிறேன்.

பிள்ளை காட்டியதுதான் சரி. கிரேக்கத்தில் 'கே' என்றால் நிலம், பூமி. ஆங்கிலத்தில் அது 'ஜியோ' ஆனது. புவிச்சரிதவியலுக்கு ஜியோலொஜி. ஜோர்ஜ் என்ற பெயர்கூட இந்த வேரில் வந்ததுதான், நிலத்தில் வேலை செய்பவன், அதாவது கமக்காரன் என்று அர்த்தம். எங்களை ஆண்ட ஜோர்ஜ் மன்னர்களில் எவர் மண்வெட்டி பிடித்தாரோ தெரியாது!

ஜியோமெட்ரி என்றால் நில அளவை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் இதற்கு ஒரு கதை சொல்கிறார். எகிப்தில் அரசன் குடிமக்களுக்குச் சம அளவான காணிகளைப் பிரித்துக் கொடுத்து வருடா வருடம் வரி வாங்கினான். நைல் நதி ஒருவனுடைய காணியில் ஒரு பங்கை அரித்துக்கொண்டு போனால் அவன் போய் முறையிடுவான். அதிகாரிகள் வந்து, குறைந்த அளவை அளந்து, அதற்கேற்ப வரியைக் குறைப்பார்கள். இந்த அளவையே பிறகு கிரேக்கத்துக்குப் போனது என்பது அவர் கருத்து. எங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள 'கேத்திர கணிதம்' என்ற சொல்லும் இதையே சொல்கிறது. க்ஷேத்திரம் என்றால் வயல், நிலம். வருடக்கணக்காக அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியும் இதை நான் யோசித்ததில்லை.

இனி ஜோக்ரபி. பூமியை எழுதுதல், வரைதல் என்று பொருள். நமக்குத் தெரிந்தவரை இந்தச் சொல்லை முதலில் ஆண்டவர் எரட்டோஸ்தனிஸ். இன்றைய லிபியாவில் பிறந்து, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர். கோடைகாலத்தின் மிக நீண்ட பகலில், நண்பகலில், அஸ்வானில் சூரியன் நேர் உச்சியில் நின்றது, நிழல் விழவில்லை. அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்தக் கோணம் வட்டத்தின் 50இல் ஒரு பங்கு. இரு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியா என்றால், பூமியின் சுற்றளவு 250,000 ஸ்டேடியா. ஒரு நிழலும் ஒரு பெருக்கலும்தான்.

அதே அலெக்சாந்திரியாவில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தொலமி 'ஜியோகிரபி' நூலை எழுதினார். தப்ரபேன் என்று எங்கள் தீவும் அதில் இருக்கிறது, உண்மை அளவைவிடப் பல மடங்கு பெரிதாக. இந்த நூல் பக்தாதுக்கு வந்தபோதுதான் அதன் பெயர் அரபு நாவில் 'ஜுக்ராபியா' ஆனது. ஆக, சொல் கிரேக்கத்திலிருந்து அரபுக்கு வந்தது. ஆங்கிலத்துக்கோ இலத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் தனியாகப் போனது. நான் பாதையைத் தலைகீழாக வரைந்துவிட்டேன்.

சொல் நம்முடையதல்ல என்று வருந்துபவர்களுக்கு ஒரு விடயம். கலீஃபா மஃமூன் காலத்து அறிஞர்கள் தொலமியை மொழிபெயர்த்துவிட்டு நிற்கவில்லை. இன்றைய ஈராக்கின் சிஞ்சார் சமவெளியில் ஒரு குழு வடக்கே, ஒரு குழு தெற்கே நடந்தது, வானத்தில் துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை. நடந்த தூரத்தை அளந்தார்கள். ஒரு பாகைக்கு 56 மைலுக்குச் சற்றுக் கூட வந்தது (அரபு மைல், இன்றைய மைலல்ல). 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி, இன்று பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையருகே மலையேறி, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்ற கோணத்தை வைத்தே பூமியின் ஆரையைக் கணித்தார். பாலைவனத்தில் நடக்கவே தேவையில்லை என்று காட்டினார். 1154இல் அல்இத்ரீசி சிசிலியின் கிறிஸ்தவ அரசன் ரொஜருக்கு உலகப்படம் வரைந்து கொடுத்தார். தெற்கு மேலே இருக்கும் படம் அது.

கடன் வாங்க அவர்கள் கூச்சப்படவே இல்லை. வளைகுடாவில் வேலை செய்தவர்களுக்கு 'முஹந்திஸ்' தெரியும், எஞ்சினியர். அதன் வேர் 'ஹந்தஸா', கேத்திர கணிதம். அதுவும் அரபு அல்ல, அளவு என்று பொருள்படும் 'அந்தாஸா' என்ற பாரசீகச் சொல்.

மாணவியிடம் இதையெல்லாம் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், செலவு என்னுடையது. அந்த பிரிஸ்டல் போர்ட் யார் வீட்டிலாவது இன்னும் கிடந்தால் தயவுசெய்து என்னிடம் கொண்டுவந்து தாருங்கள்.