டச்டவுன் இல்லாத அக்டோபர்

2000-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முழுக்க பால்டிமோர் ரேவன்ஸ் அணியால் ஒரு டச்டவுன்கூட எடுக்க முடியவில்லை.

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அங்கே போய்ச் சேர வழியில்லாதபோது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி தேற்றிக்கொள்வது ஃபீல்ட் கோல். அந்த மாதத்தின் ஐந்து ஆட்டங்களில் ரேவன்ஸ் சேர்த்த 42 புள்ளிகளும் மாட் ஸ்டோவர் என்ற ஒற்றை ஆளின் காலில் வந்தவை. ஆனாலும் கிளீவ்லண்டை 12-0, ஜாக்சன்வில்லை 15-10 என்று இரண்டு ஆட்டங்களை ஜெயித்தார்கள். தோற்ற மூன்றிலும் எதிரணி எதுவும் 14-ஐத் தாண்டவில்லை.

இதில் வேடிக்கை, தலைமைப் பயிற்சியாளர் பிரையன் பில்லிக் தாக்குதல் ஆட்டத்துக்குப் பேர்போனவர். 1998-இல் அவர் தாக்குதல் பிரிவை நடத்திய மினசோட்டா வைகிங்ஸ் 556 புள்ளிகள் குவித்து அன்றைய சாதனையைப் படைத்தது. அப்படிப்பட்டவர் பால்டிமோரில் தன் வித்தையை மூட்டை கட்டி வைத்தார். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் இடத்தில் டோனி பேங்க்ஸை உட்காரவைத்துவிட்டு டிரென்ட் டில்ஃபரை இறக்கினார். டில்ஃபருக்கு முக்கியமான வேலை ஒன்றுதான்: பந்தைப் பறிகொடுக்கக் கூடாது. புகழ் முழுக்கத் தற்காப்புக்குப் போனது. ஆனால் பில்லிக் இப்படி அடங்கிப்போகாமல் இருந்திருந்தால் அந்தத் தற்காப்பு கோப்பை வரை போயிருக்குமா என்பது சந்தேகமே.

தற்காப்புப் பயிற்சியாளர் மார்வின் லூயிஸ் வகுத்த அந்தத் தற்காப்பின் சூட்சுமம் நடுவில் இருந்தது. சாம் ஆடம்ஸ், டோனி சிரகூசா, ஆளுக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஒருவரை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். எதிரணியின் தடுப்பாளர்கள் இவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ரே லூயிஸை மறிக்க ஆளிருக்காது. பந்தோடு ஓடுகிறவர் மேல் அவர் நேரே போய் விழுவார். 16 லீக் ஆட்டங்களில் ரேவன்ஸ் விட்டுக்கொடுத்தது வெறும் 165 புள்ளிகள். நான்கு அணிகள் புள்ளியே இல்லாமல் வீடு திரும்பின.

நாக் அவுட் சுற்றில் டென்னசி டைட்டன்ஸுடன் மூன்று கால்பகுதிகள் முடிந்தபோது 10-10. பிறகு எதிரணி உதைத்த ஃபீல்ட் கோலைத் தடுத்து, அந்தப் பந்தோடு ஆந்தனி மிட்செல் 90 கெஜம் ஓடினார். சற்று நேரத்தில் டைட்டன்ஸின் எடி ஜார்ஜின் கைக்கு வந்த பந்தை ரே லூயிஸ் பிடுங்கிக்கொண்டு 50 கெஜம் ஓடினார். இரண்டும் டச்டவுன். தாக்குதல் பிரிவு செய்யவேண்டிய வேலையையும் மற்றவர்களே முடித்துவிட்டார்கள்.

2001 ஜனவரி 28, டாம்பா நகரில் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். நியூயார்க் ஜயன்ட்ஸ் மொத்தம் நகர்ந்தது 152 கெஜம். அவர்களுடைய குவாட்டர்பேக் கெரி காலின்ஸ் எறிந்த நான்கு பந்துகள் ரேவன்ஸ் கையில் சிக்கின. ஜயன்ட்ஸின் ஒரே டச்டவுன், ஆட்டத்தை மறுபடி தொடங்க ரேவன்ஸ் உதைத்த பந்தை ரான் டிக்சன் 97 கெஜம் கொண்டு ஓடி எடுத்தது. அப்போது ரேவன்ஸின் தற்காப்புப் படை களத்திலேயே இல்லை! முடிவு 34-7, ஆட்ட நாயகன் ரே லூயிஸ்.

தொடர்ந்து 11 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்த டில்ஃபரை, அதே ஆண்டில் அணி கழற்றிவிட்டது. இன்னும் அதிகப் புள்ளி வேண்டுமென்று எல்விஸ் கிர்பாக்கைக் கொண்டுவந்தார்கள். அடுத்த சீசனின் நாக் அவுட் சுற்றில் பிட்ஸ்பர்க்கிடம் 27-10 என்று தோற்றார்கள். கிர்பாக் அதற்குப் பிறகு ஆடவே இல்லை.