மவுண்டும் மனிதரும்

நாலு சிலிண்டர் என்ஜினுக்குப் பிறவியிலேயே ஒரு நடுக்கம் உண்டு. இரண்டு பிஸ்டன் மேலே போக இரண்டு கீழே வந்தாலும் கணக்கு முழுசாகச் சரிவராது. கிராங்க் ஒருமுறை சுற்ற, என்ஜின் இருமுறை குலுங்கும். 1920களில் பெரும்பாலான கார்களில் என்ஜினைச் சட்டத்தோடு நேரே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். குலுக்கம் முழுக்க ஓட்டுகிறவரின் முதுகுக்கு. காசு உள்ளவர்கள் ஆறு, எட்டு சிலிண்டருக்குப் போனார்கள்.

1931இல் கிறைஸ்லர் தன் மலிவுக் காரான பிளைமவுத்தில் ஒரு வேலை செய்தது. முன்னால் தண்ணீர்ப் பம்ப் பக்கம் உயரத்தில் என்ஜினைத் தாங்கும் ஒரு றப்பர் மவுண்ட், பின்னால் கியர்பொக்ஸ் அடியில் ஒன்று. இரண்டையும் சேர்க்கும் கோடு என்ஜினின் நிறைமையத்துக்கு ஊடாகப் போகும். என்ஜின் அந்தக் கோட்டைச் சுற்றித் தன்பாட்டுக்கு ஆடும். ஆட்டம் மீறாமல் ஒரு வில்தகடு பிடித்துக்கொள்ளும். 'மிதக்கும் சக்தி' என்று பெயர் வைத்து, எட்டின் சுகம் நாலின் செலவில் என்று விளம்பரம் செய்தார்கள். ஆந்த்ரே சித்ரோவன் அதன் உரிமத்தை வாங்கி, காரின் முகப்பில் ஒரு அன்னத்தையும் வைத்துப் பிரான்சில் விற்றார். ஸ்காபரோவில் என் கராஜுக்கு வருகிற கார்களெல்லாம் அந்த றப்பரின் பரம்பரைதான்.

பந்தயக்காரர்கள் மறுபக்கம் ஓடினார்கள். 1967 ஜூனில் நெதர்லாந்தின் ஸாண்ட்வூர்ட்டில் இறங்கிய லோட்டஸ் 49 பந்தயக் காரில் மவுண்ட் என்ற பேச்சே இல்லை. என்ஜினை உடற்கூட்டின் முதுகில் நேரே பூட்டி, பின் சஸ்பென்ஷனை அந்த என்ஜினிலேயே கோர்த்துவிட்டார்கள். முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் வென்றார். அவருக்கு முதுகு நொந்ததா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, 1989இல் சிக்காகோ கண்காட்சிக்கு வந்த மஸ்டா எம்எக்ஸ்-5. கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார். கியர்பொக்ஸையும் பின் டிஃபரென்ஷியலையும் ஒரு நீள அலுமினியச் சட்டம் ஒன்றாகப் பிடிக்கிறது. கியர்பொக்ஸுக்குத் தனி மவுண்ட் கிடையாது. என்ஜினின் இருபுறமும் இரண்டு றப்பர், டிஃபரென்ஷியலில் இரண்டு. முழுச் சுமையும் இந்த நாலில். முன் இரண்டும் செத்தால் முழுவதும் ஆடும். கியர்க் கம்பு நேரே கியர்பொக்ஸிலிருந்து வருவதால், அக்சிலரேட்டரில் காலை எடுத்ததும் கம்பு கையில் துள்ளும். வளைவில் கார் திரும்பிவிடும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட என்ஜின் அரைக் கணம் பிந்தி வந்து இடிக்கும். அதைத்தான் பெடியள் "ஸ்ரியரிங் சொல்வழி கேட்கேல்லை" என்கிறார்கள்.

அதற்கு அவர்கள் கண்ட மருந்து, றப்பரைவிட இறுக்கமான பொலியூரதேன் மவுண்ட். "அண்ணை, உள்ளதுக்குள்ள இறுக்கமானதைப் போடுங்கோ" என்று வந்து நிற்பார்கள். ஓயில் பானுக்கு அடியில் பலகை வைத்து, ஜாக்கில் என்ஜினைக் கொஞ்சம் தூக்கி, பழையதை உருவுவேன். எக்ஸாஸ்ட் பக்கத்து மவுண்ட் அநேகமாக வெந்து வெடித்திருக்கும். இரும்பை விட்டு றப்பர் தனியே கழன்று வரும். முப்பது வருஷத்துச் சாமான். அந்த இடத்தில் புது மவுண்ட் எதைப் போட்டாலும் கார் சொல்வழி கேட்கும். பாராட்டு மட்டும் பொலியூரதேனுக்குப் போகிறது. அது வளைவில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் நல்ல ரயர் நாலு செய்கிற வேலையில் கால்வாசிகூட அது செய்யாது என்பது என் கணிப்பு.

சுகத்துக்கும் இறுக்கத்துக்கும் நடுவிலான இந்தச் சண்டையை போர்ஷ வேறு விதமாகத் தீர்த்தது. காந்தப் புலத்தில் கெட்டியாகும் திரவத்தை மவுண்டுக்குள் அடைத்து, 2009இல் வந்த 911 ஜிடி3க்கு விருப்பத் தேர்வாகக் கொடுத்தார்கள். சும்மா நிற்கும்போது மெத்தென்று, வளைவில் இறுக்கமாக. எங்கள் பெடியளின் பொக்கெட் அந்தப் பக்கம் போகாது.

ஆகவே ஒரு எம்எக்ஸ்-5 வந்தால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுவேன்: சிக்னலில் நிற்கையில் நிமிஷத்துக்கு 850 சுற்று என்றால் வினாடிக்கு இருபத்தெட்டுக் குலுக்கம். மேலே இறுக்கிப் பிடிக்கக் கூரையும் இல்லை. இறுக்கமான மவுண்டைப் போட்டால் அத்தனையும் டாஷ்போர்டுக்கும் கண்ணாடிக்கும் ஏறும். பின்னால் நிற்கிற காரின் நம்பர் தகட்டை வாசிக்க ஏலாது. கேட்டுவிட்டு, பத்தில் ஏழு பேர் கொம்பனி றப்பரையே போடச் சொல்கிறார்கள். மற்ற மூன்று பேருக்கும் இறுக்கமானதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன், காசு அவர்களுடையது.