ரோஜர் யார்?

ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவது எழுத்தையும் பதினாறாவது எழுத்தையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டுமே 'பி'. நான்காவதையும் இருபதாவதையும் எழுதினால் இரண்டுமே 'டி'. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சேற்றோடு சேறாகக் கிடந்த தொலைபேசிக் கம்பியும் இந்த விஷயத்தில் நம் எழுத்தைப் போலத்தான் நடந்துகொண்டது. ஒரு முனையில் ஒருவன் 'பி' என்பான். குண்டுச் சத்தத்தின் நடுவே அது எந்த பி, அல்லது டி-யா, வி-யா என்று மறுமுனையில் இருப்பவனுக்கு விளங்காது. வரைபடக் கட்டத்தில் ஓர் எழுத்து மாறினால் பீரங்கிக் குண்டு சொந்த ஆட்களின் தலையில் விழும்.

ஆல்பா, பிராவோ, சார்லி என்று இன்று ராணுவங்களும் விமானிகளும் சொல்லும் சொற்களின் பூர்விகம் இந்த இரைச்சல்தான். அவற்றை ரகசிய பாஷை என்றே பலரும் நினைக்கிறார்கள். ரகசியத்துக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எதிரிக்குப் புரியக் கூடாது என்பதற்காக உண்டானவை அல்ல. நம் ஆளுக்குப் புரிந்தே தீர வேண்டும் என்பதற்காக உண்டானவை. எதிரி கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

பிரிட்டிஷ் சிக்னல் படையினர் முதலில் எல்லா எழுத்துக்கும் பெயர் வைக்கவில்லை. தொல்லை கொடுத்த எழுத்துகளுக்கு மட்டும் வைத்தார்கள். ஏ-க்கு ஆக், எம்-முக்கு எம்மா, எஸ்-ஸுக்கு எஸ்ஸஸ், வி-க்கு விக். இரண்டு பி-களில் முன்னது பீர், பின்னது பிப். இருபதாவது எழுத்தான டி-க்கு டாக். இந்த வழக்கம் போருக்கு முன்பே இருந்தது. போர் அதைச் சிப்பாய்களின் அன்றாடப் பேச்சாக்கிவிட்டது. ஏ.எம். என்னும் முற்பகல் 'ஆக் எம்மா' ஆயிற்று, பிற்பகல் 'பிப் எம்மா' ஆயிற்று. விமான எதிர்ப்புப் பீரங்கியின் ஆங்கிலப் பெயரில் வரும் இரண்டு ஏ-க்களும் சேர்ந்து 'ஆக்-ஆக்' என்றாயின. அந்தப் பெயர் இரண்டாம் உலகப் போர் வரைக்கும் நிலைத்தது. துப்பாக்கிச் சத்தத்திலிருந்து வந்த சொல் அது என்று எண்ணியவர்கள் உண்டு. உண்மையில் அது தொலைபேசியிலிருந்து வந்தது.

பெல்ஜியத்தின் பொப்பெரிங்கே ஊரில் 1915 டிசம்பரில் பிலிப் கிளேட்டன் என்ற ராணுவப் பாதிரியார் சிப்பாய்கள் இளைப்பாற ஒரு வீட்டைத் திறந்தார். பெயர் டால்பட் ஹவுஸ். அதே ஆண்டு களத்தில் இறந்த கில்பர்ட் டால்பட் என்ற இளம் அதிகாரியின் நினைவாக வைத்த பெயர். இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளைச் சிக்னல்காரர்கள் தங்கள் வழக்கப்படி உச்சரித்ததில் அது 'டாக் எச்' ஆனது. போர் முடிந்தபின் அந்தப் பெயரிலேயே ஒரு சேவை இயக்கம் கிளம்பி உலகமெங்கும் கிளைவிட்டது. பக்கத்துக் கேரளத்தில், கொச்சியில், டாக் எச் என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பெல்ஜியப் போர்முனையின் தொலைபேசி உச்சரிப்பு வந்து சேர்ந்திருக்கும் தூரத்தைப் பாருங்கள்.

அடுத்த போரில் அமெரிக்கா தன் தரைப்படைக்கும் கடற்படைக்கும் பொதுவாக 1941-இல் ஒரு வரிசையை வகுத்தது. ஏபிள், பேக்கர், சார்லி என்று தொடங்கும் அது. ஆளுக்கொரு வரிசை வைத்துக்கொண்டு ஒரே போரை நடத்த முடியாது என்று 1943-இல் பிரிட்டிஷாரும் அதற்கு மாறினார்கள். நார்மண்டியில் ஒமாஹா கடற்கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஈஸி ரெட், ஃபாக்ஸ் கிரீன் என்று பெயரிட்டது இந்த வரிசையை வைத்துத்தான். பெயரில் இருந்த 'ஈஸி'க்கும் அங்கே நடந்ததற்கும் சம்பந்தமில்லை. 1946-இல் பிக்கினி தீவில் வெடித்த இரண்டு அணுகுண்டுச் சோதனைகளுக்கும் ஏபிள், பேக்கர் என்றே பெயர். முதலாவது, இரண்டாவது என்பதற்கு மேல் அதில் வேறு அர்த்தம் கிடையாது.

இந்த வரிசையில் ஆர் என்னும் எழுத்தின் பெயர்தான் ரோஜர்.

அப்படி ஒரு தளபதியோ விமானியோ இருந்ததில்லை. தந்திக் காலத்திலிருந்தே 'செய்தி கிடைத்தது' என்பதற்கு, அதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான ஆர்-ஐ மட்டும் தட்டுவது வழக்கம். தந்தி போய்க் குரல் வந்தபோது அந்த எழுத்தை வாயால் சொல்ல வேண்டியதாயிற்று; சொன்னார்கள். ஆகவே ரோஜர் என்றால் 'நீ சொன்னதெல்லாம் காதில் விழுந்தது' என்று மட்டுமே பொருள். 'சரி' என்றோ 'ஆமாம்' என்றோ 'செய்கிறேன்' என்றோ பொருள் இல்லை. செய்கிறேன் என்று சொல்ல 'வில்கோ' என்று தனியாக ஒரு சொல் உண்டு. அது இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலைகளை ஒட்டவைத்த சொல். கேட்டால்தானே செய்ய முடியும்? ஆகவே வில்கோ சொன்னவர் ரோஜரும் சொன்னதாகத்தான் கணக்கு.

போர் முடிந்தது. ஆகாயத்தில் குண்டுவீச்சு விமானங்கள் குறைந்து பயணி விமானங்கள் பெருகின. ஏபிள், பேக்கர் எல்லாம் ஆங்கிலேயர் வாய்க்குப் பழகியவை. லத்தீன் அமெரிக்காவில் ஆனா, பிரேசில், கோகோ என்று தனி வரிசை ஓடிக்கொண்டிருந்தது. ஒரே விமானம் இரண்டு உலகங்களுக்கு மேல் பறந்தது. மாண்ட்ரியலில் அமைந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இந்தச் சிக்கலை அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர் ழான் பால் வினேயிடம் ஒப்படைத்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் வினேதான். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றிலும் வழக்கில் இருக்கும் சொல்லாக வேண்டும். எந்த நாட்டு விமானியும் எளிதாகச் சொல்லவேண்டும், எளிதாகக் கேட்கவேண்டும். வானொலியில் தெளிவாக ஒலிக்க வேண்டும். எந்த மொழியிலும் ஆபாசமாகவோ வேறு விதமாகவோ தொனிக்கக் கூடாது. இப்படி இருபத்தாறு சொற்களைத் தேடுவது விளையாட்டல்ல. ஆல்பா, ஹோட்டல், டேங்கோ, விஸ்கி எல்லாம் அந்தத் தேடலில் அகப்பட்டவை. ஊர்ப்பெயர்களும் நாட்டுப்பெயர்களும் கைகொடுத்தன: கியூபெக், லிமா, இந்தியா. மலாய் மொழியில் லிமா என்றால் ஐந்து. வினேயின் அறையில் மலாய் தெரிந்தவர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை போலும்.

1951 நவம்பரில் அந்த வரிசை விமானப் போக்குவரத்தில் நடைமுறைக்கு வந்தது. விமானிகள் முகம் சுளித்தார்கள். சி-க்குக் கோகா, எம்-முக்கு மெட்ரோ, என்-னுக்கு நெக்டர், யூ-வுக்கு யூனியன், எக்ஸ்-ஸுக்கு எக்ஸ்ட்ரா என்றிருந்தது. காகிதத்தில் அழகாக இருந்த நெக்டரும் எக்ஸ்ட்ராவும், இரைச்சலில் டெல்டாவோடும் விக்டரோடும் குழம்பின. பழைய ஏபிள், பேக்கருக்கே திரும்பிவிட்டவர்களும் உண்டு. மறுபடியும் சோதனை தொடங்கியது. 31 நாட்டவரை உட்காரவைத்து, பல விதமான இரைச்சலுக்கு நடுவே சொற்களைக் கேட்கச் செய்து, எது எதுவாகக் காதில் விழுகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. தனியாகச் சொல்லும்போது ஃபாக்ஸ்டிராட்டைவிட ஃபுட்பால் நன்றாகக் கேட்டது. ஆனால் நீண்ட செய்தியின் நடுவே, எந்த எழுத்து வரப்போகிறது என்று தெரியாத நிலையில், ஃபாக்ஸ்டிராட்தான் நின்றது. அகராதியைப் புரட்டி இந்த முடிவுக்கு யாராலும் வந்திருக்க முடியாது.

கடைசியில் ஐந்தே ஐந்து மாறின. சார்லி, மைக், நவம்பர், யூனிஃபார்ம், எக்ஸ்ரே உள்ளே வந்தன. 1956 மார்ச் 1 அன்று வரிசை உறுதியானது. நேட்டோ படைகளும் அதையே எடுத்துக்கொண்டன. அதோடு படைகளிலும் ஆர்-க்கு ரோமியோ என்று ஆகிவிட்டது. ஆனாலும் செய்தி கிடைத்தது என்று சொல்ல யாரும் ரோமியோவைக் கூப்பிடுவதில்லை. எழுத்துப் பதவி போன பிறகும் ரோஜர் வேலையை விடவில்லை.

நம் ஊரில் வினேயைக் கேட்காமலே நமக்கென்று ஒரு வரிசை செய்துகொண்டோம். ரயில் டிக்கெட்டுக்கோ வங்கிக்கோ பெயரைச் சொல்லும்போது 'டி ஃபார் டெல்லி, பி ஃபார் பாம்பே, எம் ஃபார் மெட்ராஸ்' என்கிறோம். ஊர்ப்பெயர்கள் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் தொலைபேசியில் மெட்ராஸ் அழியவில்லை. ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த வரிசை அல்லதான். ஆனாலும் வேலை நடக்கிறது.

எழுத்துகளோடு இது நிற்கவில்லை. ஐந்துக்கும் ஒன்பதுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்கள் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்பதால் 'ஃபைஃப்' என்றும் 'நைனர்' என்றும் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. கேட்கவில்லை, மறுபடி சொல் என்பதற்கு ராணுவ வயர்லெஸ்ஸில் 'ரிபீட்' என்று சொல்லக் கூடாது. 'சே அகெய்ன்' என்றே சொல்ல வேண்டும். பீரங்கிப் படையில் 'ரிபீட்' என்றால் 'அதே இடத்தில் மீண்டும் சுடு' என்று பொருள். காது கேளாதவன் ஒரு கேள்வி கேட்கப்போய் ஒரு சரம் குண்டு புறப்பட்டுவிடும். கடலிலும் வானிலும் ஆபத்தில் கூவும் 'மேடே' வந்ததும் காதின் தயவால்தான். 1920களின் தொடக்கத்தில் லண்டனின் குராய்டன் விமான நிலையத்தில் மூத்த வானொலி அதிகாரியாக இருந்த ஃபிரடெரிக் மோக்ஃபர்ட் அதை யோசித்துச் சொன்னார். அங்கிருந்து போகும் விமானங்களில் பெரும்பாலானவை பாரிஸுக்குப் போயின. 'எனக்கு உதவ' என்ற பொருள் தரும் பிரெஞ்சுத் தொடரை இரு கரை ஆட்களும் புரிந்துகொள்ளும்படி வளைத்தார். தந்திக்குப் பொருத்தமாக இருந்த எஸ்.ஓ.எஸ்., குரலுக்குச் சரிப்படவில்லை. அதில் வரும் 'எஸ்' தொலைபேசியில் கரைந்துபோனது.

இவ்வளவுக்கும் நடுவில் உண்மையிலேயே ஒன்றை மறைக்கப் பிறந்த சொல்லும் உண்டு: டி-டே. அதன் டி எதைக் குறிக்கிறது என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அது 'டே' என்ற சொல்லின் முதல் எழுத்து மட்டுமே. அந்த நாள், அவ்வளவுதான். 1918 செப்டம்பர் 7 அன்று, பிரான்சின் சாந்த் மிஹியேல் தாக்குதலுக்காக அமெரிக்க முதலாம் படை பிறப்பித்த உத்தரவிலேயே டி நாளில், எச் மணியில் தாக்குவது என்று இருக்கிறது. தேதியைப் பின்னால் நிரப்பிக்கொள்ளலாம். உத்தரவு எதிரியின் கையில் சிக்கினாலும் அதில் நாள் இருக்காது.

மற்றபடி இந்தச் சொற்கள் போனபோன இடத்தில் ஒட்டிக்கொண்டன. வியட்நாமில் வியட்காங் படையின் முதலெழுத்துகளை 'விக்டர் சார்லி' என்று சொன்ன அமெரிக்கச் சிப்பாய்கள், நாளடைவில் எதிரியையே சார்லி என்றார்கள். பெர்லினின் புகழ்பெற்ற செக்பாயின்ட் சார்லி மூன்றாவது சோதனைச் சாவடி. ஆல்பாவும் பிராவோவும் அதற்கு முன்னால் இருந்தன. சோவியத் நீர்மூழ்கிகளின் சொந்தப் பெயர் தெரியாத நேட்டோ, அவற்றுக்கும் இந்த எழுத்துகளையே வைத்தது. விசாகப்பட்டினம் கடற்கரையில் 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா ஃபாக்ஸ்டிராட் வகை. 1988 முதல் 1991 வரை நாம் குத்தகைக்கு வாங்கியிருந்த முதல் சக்ரா, சார்லி வகை. ரஷ்யர்களின் கப்பலுக்கு நேட்டோ வைத்த வானொலிப் பெயர். அதில் நம் மாலுமிகள்!

சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1977 மார்ச் 27 சாட்சி. ஸ்பெயினின் தெனெரிஃப் தீவில் ஓடுபாதையை மேகம் மூடியிருந்தது. டச்சு விமானத்தின் துணை விமானி தாங்கள் 'டேக்-ஆஃப்'பில் இருப்பதாகச் சொன்னார். கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று நினைத்த கட்டுப்பாட்டு அறை 'ஓகே' என்றது. பொறு, கூப்பிடுகிறேன் என்று அது தொடர்ந்து சொன்னது, அதே நொடியில் மற்றொரு விமானமும் பேசியதால் சரியாகப் போய்ச் சேரவில்லை. டச்சு விமானம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. எதிரே அதே ஓடுபாதையில் பான் ஆம் விமானம். 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெப்போதும் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது.

நம் சினிமா வசனகர்த்தாக்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஓவர்' என்றால் நான் முடித்துவிட்டேன், உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று பொருள். 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம் என்று பொருள். ஒரே மூச்சில் 'ஓவர் அண்ட் அவுட்' என்று முறைக்கும் கமாண்டரை எந்தச் சிக்னல்காரரும் மதிக்க மாட்டார். இரண்டில் ஒன்றை வெட்டிவிடுங்கள்.