மின்களஞ்சியம் நிறுவும் கலை: மும்பை ஆய்வேடுகளின் பின்னணியில்

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாக 1933இல் தொடங்கி இன்று மாட்டுங்காவில் இயங்கும் வேதித் தொழில்நுட்ப நிறுவனத்திலும், 1936இல் தோன்றி 1954இல் செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு இடம்பெயர்ந்த டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்திலும், முனைவர் பட்ட ஆய்வேடு என்பது நெடுங்காலம் தட்டச்சிட்டுக் கெட்டி அட்டையிட்ட சில படிகளாகவே நூலகத்தில் தங்கியது. இந்நிலையை மாற்றிய மென்பொருள்களுள் ஒன்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன நூலகமும் ஹியூலெட்-பேக்கார்டு ஆய்வகமும் இணைந்து 2002 நவம்பரில் வெளியிட்ட டிஸ்பேஸ் என்னும் மின்களஞ்சிய மென்பொருள். பவாயிலுள்ள ஐஐடி அதனை ஏற்றது. ஆய்வேட்டின் மின்படியைக் கட்டாயமாக்கிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறையை அடுத்து வளர்ந்த தேசியக் களஞ்சியமான சோத்கங்காவும் டிஸ்பேஸ் மீதே இயங்குகிறது.

டிஸ்பேஸை சர்வரில் நிறுவுவது ஒரே கட்டளையில் முடிவதன்று. நூல்விவரங்களைச் சேமிக்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை உருவாக்கி, ஜாவா மொழியில் எழுதப்பட்ட டிஸ்பேஸின் மூலநிரலை மேவன் என்னும் கருவியால் தொகுத்து, ஆன்ட் என்னும் கருவியால் உரிய கோப்பகங்களில் அமைத்து, நிர்வாகிக் கணக்கைத் திறந்து, வலைப்பக்கங்களை வழங்கும் டாம்கேட்டை இயக்கிய பின்னரே களஞ்சியம் உயிர்பெறும்.

இவ்வரிசையில் தமிழுக்கும் மராத்திக்கும் உயிர்நாடியாக இருந்தவை இரண்டு சிறு அமைப்புகள். தரவுத்தளத்தை உருவாக்கும்போதே எழுத்துக் குறியாக்கம் யூனிகோடு எனக் குறிப்பிட வேண்டும். டாம்கேட்டின் அமைப்புக் கோப்பிலும் இணைய முகவரி வரியின் குறியாக்கத்தை யூனிகோடு வடிவமான யுடிஎஃப்-8 என எழுத வேண்டும். டாம்கேட்டின் 8ஆம் பதிப்புக்கு முன்பு இயல்பாக அமைந்திருந்தது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான குறியாக்கமே. ஆதலால், தாராவித் தமிழரைப் பற்றிய ஆய்வேட்டின் தலைப்பைத் தமிழில் பதிந்து வைத்தாலும், அந்த ஒரு வரி விடுபட்டிருந்தால், தேடுபெட்டியில் இடப்பட்டு முகவரி வரியில் செல்லும் தமிழ்ச்சொல் சிதைந்து, களஞ்சியத்தில் இருக்கும் நூலே இல்லை என்று அப்போது விடை வந்தது. மும்பை போன்ற பன்மொழி நகரத்தில் இதனை வெறும் தொழில்நுட்ப நுணுக்கமாகக் கருத இயலாது. எம்மொழி ஆய்வு கண்ணுக்குத் தெரியும் என்பதையே அவ்வரி முடிவு செய்தது.

2021இல் வந்த 7ஆம் பதிப்பு, பயனர் காணும் முகப்பையும் தரவைக் கையாளும் பின்புலத்தையும் இரு தனி நிரல்களாகப் பிரித்தது. இரண்டையும் தனித்தனியே தொடங்க வேண்டியதாயிற்று. ஆனால், ஒவ்வொரு நூலுக்கும் நிலையான அடையாளம் தரும் ஹேண்டில் முறையின் முன்னொட்டு அப்பதிப்பிலும் 123456789 என்ற மாதிரி எண்ணாகவே வருகிறது. அதற்குப் பதிலாக முறைப்படி பதிவு செய்த எண்ணை இடாமல் களஞ்சியத்தைத் திறந்துவிட்டால், சர்வரின் முகவரி மாறும் நாளில் அதுவரை மேற்கோளாகக் காட்டப்பட்ட இணைப்புகள் அனைத்தும் அறுந்துபோகும்.